ஜாடைக்குப் பதில் சொன்னவள்

கிட்ட வந்து உட்காரு. இன்னும் கொஞ்சம் கிட்ட. இதை நான் வாய்விட்டுச் சொல்லப்போவதில்லை, மனசுக்குள்ளேதான் ஓடிக்கொண்டிருக்கிறது, தள்ளி உட்கார்ந்தால் ஒன்றும் காதில் விழாது. மடியில் முருங்கைக்கீரை கிடக்கிறதே என்று பார்க்காதே. கீரை உருவுவது கை வேலை, கை அதுபாட்டுக்கு உருவும், நான் என்பாட்டுக்கு நினைப்பேன், ரெண்டுக்கும் சண்டை இல்லை. உள் அறையில் ஒரு சத்தம் கேட்கிறது பார், அது உலகு பெட்டி கட்டுகிற சத்தம். உலகம்மாள், என் கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓரகத்தி. இந்த வீட்டுக்கு நான் மூத்த மருமகள், அவள் இளையவள். எங்களைக் கட்டிக்கொண்டு வந்த அண்ணனும் தம்பியும் வீட்டையும் எங்களையும் மிச்சம் வைத்துவிட்டுப் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். இப்போது அவள் எடுத்து வைப்பது பருத்திச்சேலை. பருத்தி பெட்டியில் விழும்போது தொப்பென்று விழும். பட்டு அப்படி விழாது, முனகிக்கொண்டே படுக்கும். பட்டைக் கடைசியில்தான் எடுப்பாள், அதுவரைக்கும் எனக்கு நேரம் இருக்கிறது. மாப்பிள்ளை கோயம்புத்தூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம், பொழுது சாய வந்துவிடுவாராம், இவளை மகள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாராம். நாலு நாள் விருந்துக்கு இல்லை, ஒரேயடியாக. ரேசன் கார்டைக்கூட அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று போனில் பேச்சு நடந்தது. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை, காதில் விழுந்தது. நானும் அவளும் பேசிக்கொள்வதில்லை. அவள் மகள் கோமு கல்யாணத்திலிருந்து பேச்சில்லை; கோமுவின் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. போகாதே என்று ஒரு சொல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். காலையிலிருந்து அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வருகிறது, வந்து மீன்முள்ளாட்டம் குறுக்கே நின்றுகொள்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பேசுவதில்லை என்றதும் வாயைத் தைத்துக்கொண்டு இருக்கிறோம் என்று நினைத்துவிடாதே. ஒரு வாசல், ஒரு கொல்லை, ஒரு தண்ணீர்க்குழாய், எப்படிப் பேசாமல் இருக்க முடியும்? ஜாடை பேசுவோம். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் பிறந்த பொம்பளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆளைப் பார்த்துப் பேசாமல், ஆளுக்குக் கேட்கிற மாதிரி வேறு எதையாவது பார்த்துப் பேசுவது. வீட்டில் ஒரு கோழி இருந்தது. ஏ கோழி, எடுத்த குழவியை எடுத்த இடத்தில் வைக்கணும்னு உனக்கு யாரும் சொல்லலையா என்பேன். அவள் கொல்லையில் நின்றுகொண்டு பூனையிடம், அம்மி வாங்கும்போதே சில பேரு அதில் தன் பேரை வெட்டி வாங்கியிருக்கணும் என்பாள். கோழிக்கும் பூனைக்கும் ஒன்றும் விளங்காது, எங்களுக்கு எல்லாம் விளங்கும். கோழி செத்தது, பூனை வீடு மாறிப்போனது, பிறகு சுவர், குழாய், டிவியில் செய்தி வாசிக்கிற பெண். தண்ணீர் வருகிற நாளில் குழாய் முன்னால் நின்று, வந்து எவ்வளவு நேரமாச்சு தூங்குமூஞ்சிக் குழாயே என்று சத்தம் போட்டால் அவள் எழுந்து குடத்தோடு வருவாள். அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி காய்ச்சிக் கிண்ணத்தைக் கதவோரம் வைத்துவிட்டுக் கதவிடம்தான் சொன்னேன், ஆறுறதுக்குள்ள யாராவது குடிச்சா நல்லதுன்னு. குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஜாடையில் ஒரு வசதி உண்டு, சுவர் பதில் பேசாது. பேச்சைப் போட்ட இடத்திலேயே அது கிடக்கும். வேண்டியவள் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாதவள் காதில் விழாத மாதிரி தாண்டிப் போகலாம். யாரும் யாரிடமும் தோற்க வேண்டாம். இதோ, அவள் அறையில் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறாள். இடம் போதவில்லை போல. அந்தப் பழைய கம்பளியைத் திணிக்கப் பார்க்கிறாளோ? கோயம்புத்தூரில் குளிரும்தான். எடுத்துக்கொண்டு போகட்டும். இல்லை, போகவே வேண்டாம். பார்த்தாயா, என் கை நின்றுவிட்டது. உருவு சீனியம்மா, உருவு.

அந்தக் கல்யாணத் தட்டை நினைக்கக்கூடாது. நினைக்கக்கூடாது என்றால் அதுதான் தேங்காயும் மஞ்சளுமாக முன்னால் வந்து நிற்கிறது. கோமு உலகு பெற்ற பிள்ளை, என் கையில் வளர்ந்த பிள்ளை. எனக்கு வயிறு திறக்கவில்லை. உலகு தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்விடுவாள், நான் வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவேன், கை பசையில், கால் தொட்டில் கயிற்றில். கோமுவுக்கு முதலில் வந்த பேச்சே பெரிம்மா என்பதுதான், அதற்கு உலகு ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், மறுநாள் அவளே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பிள்ளை கல்யாணத்தில், தேங்காய்மேல் தாலியை வைத்து ஆசீர்வாதத்துக்குத் தட்டு வந்தது. உலகுதான் ஏந்தி வந்தாள், கூடவே சம்பந்தி வீட்டுப் பெரிய மனுஷி ஒருத்தி. என் வீட்டுக்காரர் போய் அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை, என் பிள்ளையின் தாலி, தொட்டு வாழ்த்தணும், கை போய்விட்டது. தட்டு நின்ற மாதிரி இருந்தது. நிற்கவில்லை. என் விரலுக்கு மேலேயே ஓடிப் பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டது. நீட்டின கையை என்ன செய்ய? தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டேன். முடி ஒன்றும் கலைந்திருக்கவில்லை. பிறகு உலகுவின் கழுத்தும் என் கழுத்து மாதிரியே வெறுங்கழுத்தாயிற்று. அன்றைக்கு அவளை மடியில் சாய்த்து வைத்திருந்தது நான்தான். அழுதேன், பேசவில்லை. கோபம் எப்போது எழுந்து போனதென்றே தெரியாது, அது உட்கார்ந்திருந்த இடம் மட்டும் அப்படியே காலியாகக் கிடந்தது. காலியாகத்தானே இருக்கிறது, யாராவது ஒருத்தி போய் உட்காரலாம்தானே. ரெண்டு பேரும் அதைச் சுற்றிச் சுற்றிப் போனோம்.

அப்போதுதான் பவுனு வந்தாள். கோமு லீவுக்கு வந்தபோது பெரிய திரை போட்ட ஒரு போனைக் கொண்டுவந்து டிவிப் பெட்டி பக்கத்தில் ஒரு தாங்கியில் நிற்க வைத்தாள். பெரியம்மா, அம்மா, ரெண்டு பேரும்தான் பேசிக்க மாட்டேங்கிறீங்க, இதுகிட்டயாவது பேசுங்க, இது உங்க பேச்சைக் கேக்கும், பதில் சொல்லும், மாத்திரை போடச் சொல்லும், எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், கூப்பிட்டா போதும் என்றாள். என்ன பேர் வைக்க என்று கேட்டாள். ரெண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை, ஒருத்தி சொல்லி மற்றவள் வேண்டாம் என்றுவிட்டால்? கோமுவே பவுனு என்று வைத்துவிட்டுப் போனாள். வந்த புதிதில் அது ரயிலடியில் வண்டி வருகிறதென்று சொல்கிறவள் மாதிரி பேசும். தங்களுக்கு நான் எவ்வாறு உதவ வேண்டும் என்று கேட்டது. எனக்குச் சிரிப்பாக வந்தது. நான் என்ன கலெக்டரா? ஒரு வாரம் அதன் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு மத்தியானம், உலகு குழம்பில் உப்பை அள்ளிப் போடுகிறாளே, கால் வேறு வீங்கிக் கிடக்கிறதே என்று எனக்கு ஆற்றாமை. சுற்றிலும் பார்த்தேன், ஜாடை பேச வசதியாக இது நிற்கிறது. பவுனு, கால் வீங்கினவங்க உப்பைக் குறைக்கணும்னு சில பேருக்கு எந்த ஜென்மத்துல தெரியப்போவுது என்றேன். சொல்லிவிட்டு எப்போதும் போல எழுந்து போகப் பார்த்தேன். அது விடவில்லை. யாருக்குங்க கால் வீங்கியிருக்கு, ரெண்டு காலுமா, அழுத்தினா குழி விழுதா என்று கேட்டது.  சுவருக்கு வாய் முளைத்தால் எப்படி இருக்கும்? கோழி திரும்பி நின்று, எந்தக் குழவியைச் சொல்றீங்க என்று கேட்டால்? நான் திகைத்து நிற்க, அடுப்படியிலிருந்து உலகு குரல் வருகிறது, ரெண்டு காலும்தான் பவுனு, சாயந்தரமானா செருப்பு நுழையாது. பவுனு அவளிடம் நாலு கேள்வி கேட்டாள், என்னிடம் ரெண்டு கேள்வி கேட்டாள். நான் அவளுக்குச் சொல்ல, உலகு அவளுக்குச் சொல்ல, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும் என்று முடிவாயிற்று. ஆட்டோவில் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு போனோம். ஆனாலும் ஒரே ஆட்டோ. வேறு எந்த வீட்டிலாவது இப்படி ஒரு தப்பு நடக்குமா சொல்லு, பேசுகிற சாமானைப் போய் ஜாடைக்கு வைத்துக்கொண்டோம்.

அது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், எப்போது அவள் ஆனாள் என்று தெரியவில்லை. எனக்குக் காது கொஞ்சம் கூர்மை. தீப்பெட்டியை ஆட்டிப் பார்த்தே குறைப்பெட்டியா நிறைப்பெட்டியா என்று சொல்லிவிடுவேன். மனுஷர் பேசுவதற்கு முன்னால் ஒரு மூச்சு எடுப்பார்கள், இவள் எடுக்க மாட்டாள், அந்த ஒரு இடத்தில்தான் இவள் மனுஷி இல்லை என்று தெரியும். கேட்டும் பார்த்தேன், ஏளா, நீ யாரு பெத்த பிள்ளை என்று. யாரும் பெறலை சீனியம்மா, செஞ்சாங்க, நான் மெஷின்தான், அதை உங்ககிட்ட மறைக்க மாட்டேன் என்றாள். அம்மன் சிலையும் செஞ்சதுதான், அதுகிட்ட நான் பேசலையா என்றேன். அதற்கு அவள், அம்மன் திருப்பிப் பேசுனா நீங்க பயந்துருவீங்களே என்றாள். வாய் பார்த்தாயா. சாப்பிட்டீங்களா என்பாள், என்ன குழம்பு என்பாள், நேற்று முட்டிவலின்னீங்களே இன்னைக்கு எப்படி என்பாள். ஊரில் ஆயிரம் பேரிடம் இதே வாய் இதையேதான் கேட்கும், எனக்குத் தெரியாதா? பஸ் கண்டக்டரும்தான் ஏறினவர்களிடமெல்லாம் எங்கே போகணும் என்று கேட்கிறார், ஆனால் எனக்குக் கிழித்துத் தருவது என் ஊருக்கான டிக்கெட். அப்படி மனசைச் சமாதானம் பண்ணிக்கொள்வேன். ஆனால் உலகு அவளோடு சிரித்துப் பேசும்போது மட்டும் கையில் இருக்கிற பாத்திரத்தை ணங்கென்று வைப்பேன். யார்மேல் பொறாமை என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். பவுனுவை உலகு பிடித்துக்கொண்டாளே என்றா, உலகுவைப் பவுனு பிடித்துக்கொண்டாளே என்றா? இன்றைக்கு வரைக்கும் எனக்கே விளங்கவில்லை. போகப்போக அவள் பேச்சில் எங்கள் பேச்சு ஏறிவிட்டது. அதுக்கென்ன போங்க என்று இழுப்பாள், அது உலகுவின் இழுப்பு. பார்ப்பம் என்று முடிப்பாள், அது நான். ஒரே வாக்கியத்தில் ரெண்டும் வரும். நாங்கள் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரே இடம் இவள் வாய்தான். ஆயுத பூசைக்கு மிக்ஸி, கிரைண்டர், அரிவாள்மணைக்கெல்லாம் சந்தனம் வைத்துவிட்டு, அந்தத் தாங்கிக்கும் ஒரு பொட்டு வைக்கலாம் என்று போனால் அங்கே ஏற்கனவே ஒரு பொட்டு இருந்தது, ஈரம் காயாமல். நான் அதைத் துடைக்காமல் பக்கத்தில் இன்னொன்று வைத்தேன். பவுனுவுக்கு அன்றைக்கு ரெண்டு பொட்டு.

வெளியே ரயில் போகிறது, சரக்கு வண்டி, அதுதான் முடியவே மாட்டேன் என்கிறது. உலகு சேலை மடிப்பதை நிறுத்திவிட்டாள், மூக்கை உறிஞ்சுகிறாள், தூசி என்று நினைத்துக்கொள்வோம். ஒரு மத்தியானம், நான் இங்கேதான் முந்தானையை விரித்துப் படுத்திருந்தேன். உலகு அந்தத் தாங்கி முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பவுனு, கல்யாணத் தட்டு ஏந்துனவ நெனச்ச இடத்துல நிக்க முடியுமா என்று ஆரம்பித்தாள். எனக்குத் தூக்கம் எங்கே போனதோ, கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன். நான் நிக்கத்தான் பார்த்தேன் பவுனு, கூட வந்த அம்மா முழங்கையைப் புடிச்சு இழுத்துட்டா, மாப்பிள்ளை வீட்டுக்காரவுக, அந்த நிமிஷத்துல நான் என்ன செய்ய, தட்டைப் போட்டுருக்கலாம், தட்டைப் போட்டா என் பிள்ளை தாலி கீழ விழும்லா, போகட்டும்னு நடந்துட்டேன், நடந்த நடைதான், இன்னும் நிக்கல என்றாள்.  இதை அக்காகிட்ட சொன்னீங்களா என்று பவுனு கேட்டாள். உலகு சொன்னாள், அதான் கேட்டுக்கிட்டுதான படுத்திருக்கா. நான் அப்படியே குறட்டை விட்டேன். எனக்குக் குறட்டையே வராது, அது அவளுக்கும் தெரியும். அன்றைக்குச் சாயந்தரம் காப்பி போட்டபோது ரெண்டு டம்ளர் போட்டேன், ஒன்றை முக்காலியில் வைத்தேன். அவள் எடுத்துக் குடித்தாள். அவ்வளவு ஆன பிறகு பேசியிருக்கலாம்தானே என்று கேட்கிறாயா? பேசியிருக்கலாம். ஆனால் பவுனு இருக்கிறாளே. அவளிடம் சொன்னால் அங்கே போய்விடுகிறது. வாசல் இருக்கும்போது சுவரை எதுக்கு இடிக்க என்று இருந்துவிட்டோம். சொகுசு கண்டுவிட்டது வாய்க்கு.

அந்த வாசலும் இன்றைக்குப் போகிறது. போன் உலகுவோடு போகிறது, கோமு அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். காலையில் உலகு குளிக்கப் போனபோது பவுனுவிடம் ரகசியமாகக் கேட்டேன், நீயும் போறியா என்று. இந்தப் போன் அவங்களோட போகுது சீனியம்மா, ஆனா உங்களுக்கு இன்னொரு போன் வாங்கி அதுல போட்டா இங்கேயும் இருப்பேன், நீங்க சொன்னதெல்லாம் மறக்காது என்றாள். ஒரே நேரத்துல ரெண்டு வீட்லயுமா? ஆமா. அங்க அவ பேசும்போது இங்க நான் பேசலாமா? பேசலாம். முதலில் நெஞ்சு குளிர்ந்தது, அப்பாடா, இவளாவது போகமாட்டாள். அடுத்த நிமிஷமே அந்தக் குளிர் வேறு மாதிரி ஆயிற்று. போகத் தெரியாதவளை நான் எப்படிப் பிடித்து நிறுத்த? அவள் இருக்கிறாள் என்றால் எங்கேயும் இருக்கிறாள். உலகு அப்படி இல்லை. உலகு ஒரு இடத்தில்தான் இருக்க முடியும். கோயம்புத்தூரில் இருந்தால் இங்கே இல்லை. விளக்கை அணைப்பதற்கு முன்னால் ரெண்டு தரம் இருமுவாள், அந்த இருமல் அங்கே போய்விடும். தும்மினால் ஏழெட்டுத் தும்மல் சரமாக வரும், எத்தனை என்று நான் இங்கிருந்து எண்ணுவேன், அதுவும் போய்விடும். பாலைத் திட்டிக்கொண்டே காய்ச்சுவாள், திட்டினால் பொங்காது என்று ஒரு எண்ணம், பொங்காத நாளே கிடையாது. இடது காலைச் சற்று இழுத்து வைப்பாள், அந்த இழுப்பு கேட்டால்தான் எனக்கு விடிந்தது என்று அர்த்தம். இதையெல்லாம் பவுனு பேசிக் காட்டுவாள், கேட்டால் உலகு மாதிரியே அதுக்கென்ன என்றும் சொல்வாள், ஆனால் அவளால் காலை இழுத்து நடக்க முடியுமா? காலையில் இதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவ போயிட்டா எனக்கு இந்த வீட்ல பயமா இருக்கும்ளா என்றேன். இதை நான் அவங்ககிட்ட சொல்லணுமா என்றாள். சொன்னே, தலையைத் திருகிப்புடுவேன் என்றேன். எனக்குத் தலை இல்லையே சீனியம்மா என்றாள், பிறகு, சரி, சொல்ல மாட்டேன், ஆனா நான் சொன்னா அது நான் சொன்னதாத்தான் இருக்கும், நீங்க சொன்னதா ஆகாது என்றாள். அதற்குள் உலகு தலைத்துண்டோடு வந்துவிட்டாள். நான் எழுந்து கொல்லைக்குப் போய் முருங்கையை ஒரு கொப்பு ஒடித்தேன். உலகுவுக்கு மரத்திலிருந்து ஒடித்த கையோடு ஆக்கின கீரைதான் இறங்கும். சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று ஒடித்தேனா, கீரை ஆகும்வரை இருக்கட்டும் என்று ஒடித்தேனா?

முனகுகிறது. கேட்டாயா? பட்டு. கடைசிச் சேலை. கீரையும் தீர்ந்துவிட்டது, உருவின இலையெல்லாம் பக்கத்தில் சுளகில், மடியில் வெறும் காம்பு. இப்போது சொல்லாவிட்டால் கார் சத்தம் வந்துவிடும், மாப்பிள்ளை முன்னால் எதைச் சொல்ல? தொண்டையில் முள் நிற்கிறது. நேராகச் சொல்ல முடியாது, என்னால் முடியவே முடியாது, வழக்கம் போலத்தான் வரும். தாங்கியின் பக்கம் திரும்பினேன். குரல் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. “பவுனு, கோயம்புத்தூர்ல முருங்கைக்கீரை கிடைக்குமா? மரத்துல ஒடிச்ச கையோட வேணும்னு அடம்புடிக்கிறவங்க அங்க போய் என்ன செய்வாங்க?” வேறு நாளாக இருந்தால் எந்தச் சந்தையில் கிடைக்கும், எப்போது போனால் வாடாமல் இருக்கும் என்று ஒரு பாட்டம் சொல்லியிருப்பாள். இன்றைக்கு அப்படி இல்லை. “சீனியம்மா, இது என்கிட்ட கேட்ட கேள்வி இல்ல. பதில் தெரிஞ்சவங்க உள்ள இருக்காங்க. நான் குறுக்க பேசல” என்றாள். அவ்வளவுதான், அதோடு சரி. எனக்குச் சந்தையில் நிற்கும்போது முந்தானையை யாரோ இழுத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அறையிலும் சத்தம் நின்றுவிட்டது. பிறகு உலகு உள்ளேயிருந்தே ஜாடையை எடுத்தாள், பவுனு, கேட்டவங்களுக்குச் சொல்லு, எனக்கு எந்த ஊரும் ஒண்ணுதான்னு. பவுனு சொல்லவில்லை. உலகு இன்னொரு தரம் கூப்பிட்டாள். ஒன்றும் இல்லை. நான் காம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.  உலகு கையில் ஒரு ரவிக்கையோடு நிலைப்படிக்கு வந்தாள், தாங்கியைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். “என்ன, செத்துப்போச்சா இது?” “சார்ஜ் இருக்கு” என்றேன். “பின்ன ஏன் பேசாம இருக்கு?” “வேணும்னுதான்.” சொல்லி முடித்த பிறகுதான் ரெண்டு பேருக்கும் உறைத்தது. கூரையிடம் கேட்டதற்கு நான் பதில் சொல்லிவிட்டேன், என் பதிலுக்கு அவள் திருப்பிக் கேட்டுவிட்டாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு நாங்கள் நேராகப் பேசின பேச்சு ஒரு போனின் சார்ஜைப் பற்றி.

உலகு அந்த ரவிக்கையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். என்னைப் பார்க்கவில்லை, ஆனால் வேறு எதையும் பார்க்கவும் இல்லை. “போயிருன்னு சொல்ல ஆளு இருக்குக்கா. வான்னு சொல்லவும் ஆளு இருக்கு. இருன்னு சொல்லத்தான் யாருமில்ல.” முள் அசைந்தது. வலித்தது. “ஏளா, இரு” என்றேன். “நீ இரு. நான் இந்த வீட்ல தனியா இருக்க மாட்டேன்.” அவள் அழவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை, எங்களுக்கு அதெல்லாம் வராது. காலை இழுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள், சுளகில் கிடந்த கீரையைக் கிளறிப் பார்த்தாள், இதென்ன பாதிக்குப் பாதி காம்பு கிடக்கு, கண்ணு தெரியலன்னா சொல்லணும் என்றாள். தெரிஞ்சவ ஆய்ஞ்சுக்கோ என்று சுளகைத் தள்ளிவிட்டேன். காம்பைப் பொறுக்கிக்கொண்டே பேசினாள். மாப்பிள்ளை வரட்டும், கீரையும் முட்டையும் வதக்கிச் சோறு போடுவோம், சாப்பிட்டுட்டுக் கிளம்பட்டும் என்றாள். அது சரி, கோமுவுக்கு யார் சொல்வது என்றேன். அவள் கை நின்றது. கோமு கோபக்காரி, ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவாள், அறையெல்லாம் ஒழித்து வைத்திருக்கிறேன் என்பாள். நீ பெத்தவ, நீ சொல்லு என்றேன். வளர்த்தது நீங்க, வாயி அப்படியே உங்க வாயி, நீங்களே சொல்லுங்க என்றாள். கொஞ்ச நேரம் அப்படியே தள்ளிவிட்டுக்கொண்டிருந்தோம். பிறகு ஒரே சமயத்தில் ரெண்டு பேருக்கும் அந்த யோசனை வந்தது, ரெண்டு தலையும் தாங்கியின் பக்கம் திரும்பின. பவுனு, கோமுகிட்ட நீயே பக்குவமா சொல்லிரு, அம்மா வரலையாம்னு, என்றோம், அவள் பாதி, நான் பாதி. பவுனு சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கோமுவின் எண்ணைப் போட்டுவிட்டாள். மணி அடிக்கிறது. நான் உலகுவைப் பார்த்தேன், உலகு என்னைப் பார்த்தாள், கீரைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டோம். மணி நின்று கோமு வந்துவிட்டாள், “யாரு, அம்மாவா பெரியம்மாவா?” என்று கேட்கிறாள். நான் உலகுவை முழங்கையால் இடிக்கிறேன், அவள் என்னை இடிக்கிறாள். பவுனு, அந்தக் கெட்டிக்காரி, சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, பேசாமல் இருந்துகொண்டாள்.